பிரேக் பைப் நட்டு அடுத்த முறையும் கழல வேண்டும்: மாட்டும்போதே என்ன பூசுவது?

காக்கம்பாடி_ஜீப்
வணக்கம். எஸ்டேட் வண்டி, பழைய மஹிந்திரா ஜீப். பின்பக்க இடது வீல் சிலிண்டர் கசிந்ததால் கீழே சேலத்துக்குக் கொண்டுபோய் ஒரு பட்டறையில் விட்டோம். அரை மணி நேர வேலை என்றார்கள். சிலிண்டரில் ஏறியிருந்த பைப் நட்டு அசையவே இல்லை. ஓப்பன் ஸ்பேனர் போட்டு இழுத்ததில் நட்டின் முனை மழுங்கியது, அப்புறம் கிரிப் பிளேயர், கடைசியில் நட்டோடு சேர்ந்து பைப்பும் முறுக்கி ஒடிந்தது. ஆக்சில் மேலே இருக்கும் டீ ஜாயின்ட் பக்கமும் அதே கதை. மாலை வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

எஃப்சிக்கு முன்னால் முன்சக்கர சிலிண்டர்களையும் மாற்ற வேண்டும். அது வேறு கதை, எப்படியாவது கழற்றிக்கொள்கிறேன். என் கேள்வி புதிதாகப் போடும் பைப்பைப் பற்றியது. இன்னும் நாலைந்து வருடம் கழித்துக் கழற்றும்போது சுலபமாக வர வேண்டுமென்றால், இப்போது மாட்டும்போதே என்ன செய்ய வேண்டும்? டிரைவர் "மரையில் நல்லா கிரீஸ் அப்பிடலாம்" என்கிறார். பட்டறையில் "பிரேக்கில் எதையும் தடவக் கூடாது" என்கிறார்கள். ஏற்காடு ரோட்டில் 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி வரும் வண்டி. பிரேக்கில் சோதனை செய்து பார்க்க எனக்கு மனசில்லை.

குகை_ஆல்டோ
மாதம் ஒரு முறை டபிள்யூடி-40 அடித்துவிடுங்கள், ஜாம் ஆகவே ஆகாது. நான் அப்படித்தான் செய்கிறேன்.

கொண்டலாம்பட்டி_பட்டறை
மேலே சொன்னதைக் கொஞ்சம் நிறுத்தி வையுங்கள். டபிள்யூடி-40 மெலிசான எண்ணெய், ஒரு மழையில் போய்விடும். ஹோஸ் மேலும் டிரம் உள்ளேயும் பட்டால் வேறு வம்பு.

காக்கம்பாடி அண்ணா, ஒடிந்த பைப் துண்டு கையில் இருக்கிறதா? இருந்தால் நட்டை வைஸில் பிடித்து நீளவாக்கில் ஹேக்சா பிளேடால் அறுத்துப் பாருங்கள். என்ன தெரிகிறது என்று எழுதுங்கள், மீதியைச் சொல்கிறேன்.

காக்கம்பாடி_ஜீப்
பழைய இரும்பு டப்பாவில் கிடந்தது. அறுத்தேன். நான் நினைத்ததற்கு நேர்மாறு. வெளியே இருக்கும் மரை பளபளவென்று இருக்கிறது, ஓரிரு இடத்தில்தான் கறுப்பு. ஆனால் நட்டுக்கு உள்ளே, பைப் நுழைந்து போகிற துளையில், செம்பழுப்பாகத் துரு கெட்டியாக இறுகிக் கிடக்கிறது. ஊசியால் கிளறினால் செதில் செதிலாக வருகிறது. பைப்பின் மேல் பூச்சு அந்த இடத்தில் சுத்தமாக இல்லை. பைப் விரிந்திருக்கும் வாய்ப்பக்கம் மட்டும் சுத்தமாக இருக்கிறது.

கொண்டலாம்பட்டி_பட்டறை
அதைத்தான் நீங்களே பார்க்கட்டும் என்று விட்டேன். பிரேக் பைப் நட்டு ஜாம் ஆவது பெரும்பாலும் மரையில் அல்ல, பைப்பின் மேல். சிலிண்டருக்குள் போன மரைக்கு முன்பக்கம் பைப் வாய் அழுந்தி அடைத்துவிடுகிறது, தண்ணீர் அவ்வளவாகப் போகாது. நட்டின் பின்பக்கம் அப்படியில்லை. பைப்புக்கும் நட்டுக்கும் நடுவே மயிரிழை சந்து ஒன்று திறந்தே இருக்கும். மழைத் தண்ணீர், சேறு எல்லாம் அதில் ஏறும், வெளியே வர வழியில்லை. பைப்பும் இரும்பு, நட்டும் இரும்பு. துரு ஏற ஏற இரும்பைவிட அதிக இடம் எடுத்துக்கொள்ளும், சந்து அடைத்து இரண்டும் ஒன்றாகிவிடும். அப்புறம் நீங்கள் நட்டைத் திருப்பினால் மரை கழலத் தயாராகத்தான் இருக்கும், பைப்தான் கூடவே சுற்றும். 4.75 மி.மீ. பைப் எவ்வளவு முறுக்கைத் தாங்கும்?

அதனால் மரையில் கிரீஸ் அப்புவது பிரச்சினை இல்லாத இடத்துக்கு வைத்தியம். பூச வேண்டியது நட்டுக்கு உள்ளே, பைப்பின் மேல், நட்டின் வால்பக்கம்.

நான் செய்வது இதுதான். புதுப் பைப் வந்ததும் நட்டை வாயிலிருந்து பின்னால் தள்ளுவேன். நட்டு பைப்பின் மேல் தடையில்லாமல் சுற்றுகிறதா என்று முதலில் பார்ப்பேன். இப்போதே இறுக்கமாகச் சுற்றுகிற நட்டு நாளைக்கு நிச்சயம் பிடிக்கும், அந்தப் பைப்பைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன். நட்டு உட்காரும் இடத்தில் பைப்பைச் சுற்றி ரெட் ரப்பர் கிரீஸ் மெலிதாகப் பூசி, நட்டை அதன் மேல் கொண்டுவந்து நாலு சுற்று சுற்றினால் உள்ளே பரவிவிடும். பைப் வாயைச் சுத்தமான துணியால் துடைத்து, கையாலேயே மரை ஏற்றி, அப்புறம்தான் ஸ்பேனர். இறுக்கி முடித்ததும் நட்டின் வால்பக்கச் சந்தில் இன்னும் கொஞ்சம் அதே கிரீஸ், விரலால் வழித்து அடைத்துவிட வேண்டும். இரண்டு நிமிட வேலை.

குகை_ஆல்டோ
சாதா கிரீஸ் ஏன் கூடாது? வீல் பேரிங்குக்குப் போடுவது வீட்டிலேயே இருக்கிறது.

கொண்டலாம்பட்டி_பட்டறை
அது பெட்ரோலிய எண்ணெயில் செய்தது. டாட் 3, டாட் 4 பிரேக் ஆயில் போடுகிற வண்டியில் உள்ள பிரேக் ரப்பருக்கு பெட்ரோலிய எண்ணெய் எமன். சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் கப் ஊறி உப்பிவிடும், மாஸ்டர் சிலிண்டர் திரும்பி வராது, பிரேக் பிடித்தபடி நிற்கும். நட்டுக்கு வெளியே பூசினது உள்ளே போகாது என்பீர்கள். போகக் கூடாதுதான். ஆனால் அதே விரலோடு அடுத்து கப்பைத் தொடுகிற பையன் பட்டறையில் இருக்கிறான். ரெட் ரப்பர் கிரீஸ் விளக்கெண்ணெய் அடிப்படையில் செய்தது, ரப்பருக்குப் பகை இல்லை. சிலிகான் கிரீஸும் சரி. ஸ்பேர்ஸ் கடையில் சின்னச் சின்னப் பாக்கெட்டாகவே கிடைக்கும்.

அம்மாபேட்டை_ஐயா
விளக்கெண்ணெய் என்றதும் எழுதத் தோன்றியது. நம் ஜில்லாவில் ஆமணக்குக்கு என்ன பஞ்சம்? ஏத்தாப்பூரில் மரவள்ளிக்கும் ஆமணக்குக்கும் சேர்த்து ஆராய்ச்சி நிலையமே வைத்திருக்கிறார்கள். அந்தக் காலத்தில் பிரேக் ஆயிலே விளக்கெண்ணெயும் ஆல்கஹாலும் கலந்ததுதான். செக்கில் ஆட்டின எண்ணெயையே இரண்டு சொட்டு விட்டால் போதாதா தம்பி?

கொண்டலாம்பட்டி_பட்டறை
ரப்பருக்குக் கெடுதல் இல்லை ஐயா, அதில் நீங்கள் சொல்வது சரி. ஆனால் வெறும் எண்ணெய் அந்தச் சந்தில் நிற்காது, வழிந்துவிடும். மிஞ்சியது பிசுபிசுத்து மண்ணைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கிரீஸாக இருந்தால்தான் இடத்தை அடைத்துக்கொண்டு தண்ணீரைத் தள்ளி நிற்கும்.

ஐந்துரோடு_அமேஸ்
காப்பர் கிரீஸைப் பற்றி யாரும் சொல்லவில்லையே? வெளிநாட்டு வீடியோக்களில் எல்லாவற்றுக்கும் அதைத்தான் பூசுகிறார்கள்.

லேத்_செவ்வாய்ப்பேட்டை
நான் பூசச் சொல்ல மாட்டேன். இரும்புச் சிலிண்டரில் இரும்பு நட்டு என்றால் பரவாயில்லை. இப்போது வரும் கார்களில் ஏபிஎஸ் கட்டை அலுமினியம், 2019 ஏப்ரலிலிருந்து புதுக் கார்களுக்கு ஏபிஎஸ் கட்டாயம் வேறு. பல கார்களில் காலிப்பரும் அலுமினியம். அலுமினியத்தின் பக்கத்தில் செம்புத் தூளை வைத்து ஈரமும் சேர்ந்தால் அலுமினியம்தான் அரித்துப்போகும். நட்டை வலிந்து திருப்பி ஏபிஎஸ் கட்டையின் மரையைக் கிழித்துவிட்டு என்னிடம் கொண்டுவந்து "புது மரை போட்டுக் கொடுங்க" என்கிறார்கள். நான் தொடுவதில்லை. பிரேக் போகிற வழியில் புஷ் அடித்து மரை போட்டு, நாளைக்கு அந்த வண்டி மலை இறங்கினால் யார் பதில் சொல்வது?

இன்னொன்று. மரையில் எது பூசினாலும், அதே இழுப்பில் நட்டு அதிகம் இறுகும். மாருதி வண்டிகளின் சர்வீஸ் மேனுவலில் இந்த நட்டுக்கு 16 நியூட்டன் மீட்டர் போட்டிருக்கும், அது காய்ந்த மரைக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். கிரீஸ் பட்ட மரையில் அதே அளவுக்கு இழுத்தால் பைப் வாய் நசுங்கலாம்.

ஜீப்காரருக்குத் தனியாக ஒன்று. உங்கள் வண்டியில் மரை அங்குலமா மில்லிமீட்டரா என்று பார்த்துவிட்டுப் பைப் வாங்குங்கள். பழைய ஜீப்களில் பெரும்பாலும் அங்குல மரைதான், 3/8 விட்டம், அங்குலத்துக்கு 24 மரை. இன்றைய கார்களில் எம்10, அதாவது 10 மி.மீ. விட்டம், மரைக்கு மரை ஒரு மில்லிமீட்டர் இடைவெளி. 3/8 நட்டை எம்10 ஓட்டையில் விட்டால் வழுக்கிக்கொண்டு போகும், பிடித்து ஆட்டினால் தொளதொளவென்று ஆடும், இறுக்கினால் பிடித்த மாதிரி காட்டி ஒரு நாள் மரையை உரித்துக்கொண்டு வரும். மாற்றிச் செய்தால் இரண்டு மரைக்குள்ளேயே முறுக்கிக்கொண்டு நிற்கும். அதை ஸ்பேனர் போட்டு ஏற்றுகிறவர்கள் உண்டு. அப்புறம் "துருப்பிடிச்சு ஜாம் ஆயிடுச்சு" என்பார்கள். துரு எங்கே வந்தது, அது முதல் நாளே ஜாம்.

கொண்டலாம்பட்டி_பட்டறை
பைப் வாயையும் சேர்த்துப் பாருங்கள். உள்ளே மடித்து இரட்டையாக விரித்த வாய் ஒரு வகை, குமிழ் மாதிரி உருட்டின வாய் இன்னொரு வகை. ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைப் போட்டால் கசியும். கசிகிறதே என்று இன்னும் இன்னும் இறுக்குவார்கள். ஜாம் ஆன நட்டுகளில் சிலவற்றின் கதை இப்படித்தான் ஆரம்பிக்கிறது என்பது என் அனுபவம். ஒழுங்காக உட்கார்ந்த வாய் சாதாரண இறுக்கத்திலேயே அடைத்துக்கொள்ளும். அப்படியும் கசிந்தால் கழற்றிப் பார்க்க வேண்டும், கையில் பலம் காட்டக் கூடாது.

லாரி_சங்ககிரி
எங்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. ஏர் பிரேக், நைலான் பைப், பித்தளை யூனியன். டேங்கில் தண்ணீர் வடித்துவிட்டால் போதும். நீங்கள் பேசிக்கொண்டே இருங்கள்.

காக்கம்பாடி_ஜீப்
சங்ககிரி அண்ணா, வந்ததற்கு ஒரு டீ.

பட்டறை அண்ணா சொன்னதை வைத்து யோசித்தால் ஒன்று இடிக்கிறது. எங்கள் பக்கம் மழையும் பனிமூட்டமும் அதிகம், சரி. ஆனால் பக்கத்து எஸ்டேட் ஜீப்பும் இதே வயசு, இதே ரோடு. அவர்கள் வண்டியில் இவ்வளவு துரு இல்லை. வித்தியாசம் என்னவென்று பார்த்தால், எங்கள் ஜீப்பில்தான் காப்பிக்குப் போடும் உர மூட்டை ஏற்றுகிறோம். அவர்கள் டிராக்டரில் ஏற்றுகிறார்கள்.

அம்மாபேட்டை_ஐயா
பொட்டாஷ் ஏற்றுகிறீர்களா?

காக்கம்பாடி_ஜீப்
ஆமாம் ஐயா. பொட்டாஷ், யூரியா இரண்டும். மூட்டை கிழிந்து பின்தட்டில் கொட்டும், கூட்டி விடுவார்கள்.

அம்மாபேட்டை_ஐயா
அப்புறம் என்ன! மியூரியேட் ஆஃப் பொட்டாஷ் என்பது பொட்டாசியம் குளோரைடு, சமையல் உப்புக்குத் தம்பி. பின்தட்டில் கொட்டினது பலகை இடுக்கு வழியாக ஆக்சில் மேல் விழுந்து, மலை ஈரத்தில் கரைந்து, அந்தச் சந்தில் உப்புத் தண்ணீராக இறங்கியிருக்கும். கடற்கரைப் பக்கமிருந்து ஐஸ் போட்டு மீன் ஏற்றி வரும் வேன்களுக்கும் இதே கதிதான். நான் உரக் கம்பெனியில் வேலை பார்த்தவன், குடோன் ஷட்டர்கள் எப்படி அரிக்கும் என்று பார்த்திருக்கிறேன்.

கொண்டலாம்பட்டி_பட்டறை
ஐயா பிடித்துவிட்டார். எனக்குத் தோன்றவே இல்லை. உர லோடு இறக்கின அன்றே அடிப்பக்கம் நல்ல தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். உப்பாக வரும் போர் தண்ணீரில் கழுவுவதில் அர்த்தமில்லை, மழைத் தண்ணீரோ குடிதண்ணீரோ பிடித்து விடுங்கள். பிரஷர் அடிக்கிற இடத்தில் நட்டுக்குப் பின்பக்கமாக நேராக அடிக்க விடாதீர்கள், பூசின கிரீஸ் போய்விடும். சில வாட்டர் சர்வீஸில் கழுவி முடித்ததும் அடியில் டீசலோ பழைய ஆயிலோ ஸ்பிரே செய்வார்கள். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பார்க்கப் பளபளப்பாக இருக்கும், பிரேக் ஹோஸ் ரப்பர் கெடும்.

கழுவுவது பற்றிப் பேச்சு வந்ததால் இதையும் சொல்கிறேன். பிரேக் ஆயில் பெயின்டைத் தின்னும். சிலிண்டர் மாற்றும்போது பைப்பிலிருந்து சொட்டுவது ஆக்சில் மேலும் நட்டு மேலும் வடிந்து பெயின்ட் உரிந்து, அங்கேதான் அடுத்த துரு ஆரம்பிக்கும். அதனால் பைப்பைக் கழற்றினதும் அதன் வாயில் ஒரு பிளீடர் நிப்பிள் (பிரேக்கில் ஏர் எடுக்கத் திறக்கும் நிப்பிள்) ரப்பர் மூடியைச் செருகிவிட வேண்டும். வேலை முடிந்து ஏர் எடுத்து எல்லாம் இறுக்கின பிறகு அந்த இடத்தில் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றித் துடையுங்கள். பிரேக் ஆயில் தண்ணீரில் கரைந்து போய்விடும். நிறைய பட்டறைகளில் இதைச் செய்வதில்லை, துணியால் ஒரு இழுப்பு இழுத்துவிட்டு வண்டியைக் கொடுத்துவிடுவார்கள்.

குகை_ஆல்டோ
சரி, நட்டின் மேல் இன்சுலேஷன் டேப் சுற்றிவிட்டால்?

கொண்டலாம்பட்டி_பட்டறை
தம்பி, உங்களை விட்டால் பிளாஸ்திரியே போடுவீர்கள். டேப்புக்குள் போன தண்ணீர் காயாது. கறுப்பாகத் தடித்து அடிக்கிற ரப்பர் அண்டர்கோட்டிங்கும் அப்படித்தான், ஒரு இடத்தில் விரிசல் விட்டால் உள்ளே நடப்பது வெளியே தெரியாது. நட்டுகள் கண்ணுக்குத் தெரிய வேண்டும். கிரீஸ் போதும், வருடம் ஒரு முறை பார்த்து மறுபடி பூசினால் போதும்.

ஐந்துரோடு_அமேஸ்
துருவே பிடிக்காத பைப் கிடையாதா? நம்ம ஊரிலேயே ஸ்டெயின்லெஸ் ஆலை இருக்கிறது, சேலம் ஸ்டீல் என்று நாடு முழுக்கப் பேர். அந்த ஸ்டெயின்லெஸ்ஸில் பைப் போட்டால்?

லேத்_செவ்வாய்ப்பேட்டை
ஸ்டெயின்லெஸ் பைப் இருக்கிறது. ஆனால் கடினம், சாதாரண ஃபிளேரிங் டூலில் வாய் விரிப்பது கஷ்டம், சரியாக விரியாவிட்டால் கசியும். குனிஃபர் என்று ஒன்று உண்டு, செம்பில் பத்து சதவீதம் நிக்கல் கலந்தது, கொஞ்சம் இரும்பும் உண்டு. கையால் வளையும், வாய் அழகாக விரியும், துருப்பிடிக்காது. அதைப் போட முடிந்தால் போடுங்கள். ஏசிக்கு வருகிற வெறும் செம்புப் பைப்பை மட்டும் யாரும் மாட்ட விடாதீர்கள். அதிர்வில் நாளாக ஆகக் கடினமாகி விரிசல் விடும். பார்க்க ஒரே நிறமாகத்தான் இருக்கும், கடைக்காரரிடம் கேட்டு வாங்க வேண்டும்.

குனிஃபர் போட்டாலும் நட்டு இரும்புதான் என்பதை மறக்காதீர்கள், கிரீஸ் வேண்டும்.

காக்கம்பாடி_ஜீப்
நேற்று முன்பக்க வேலை நடந்தது. இந்த முறை வேறு பட்டறை. முதல் நாள் இரவே வயர் பிரஷ் போட்டுத் தேய்த்து, நட்டின் பின்பக்கச் சந்தில் துரு இளக்கும் ஆயில் விட்டு வைத்திருந்தோம், ஹோஸில் படாமல் துணி சுற்றி. காலையில் நட்டு ஸ்பேனர் போட்டார்கள், அந்த வாய் வெட்டின ரிங் மாதிரி இருப்பது. முதலில் இறுக்கும் பக்கம் ஒரு சின்ன அசைவு, அப்புறம் கழற்றும் பக்கம், கொஞ்சம் கொஞ்சமாக. வலதுபக்கம் வந்துவிட்டது. இடதுபக்கம் பைப் கூடவே திரும்ப ஆரம்பித்ததும் மெக்கானிக் நிறுத்திவிட்டார். பைப்பை நட்டை ஒட்டி வெட்டிவிட்டு, ஆறு முனை சாக்கெட் போட்டு ஒரே இழுப்பில் எடுத்தார். எப்படியும் புதுப் பைப் போடத்தானே போகிறோம், அதைக் காப்பாற்ற எதற்குப் போராட வேண்டும் என்றார். அடுத்த வண்டிக்காரர் வந்து "கேஸ் வெச்சு சூடு பண்ணுங்க" என்று யோசனை சொன்னார், மெக்கானிக் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கொண்டலாம்பட்டி_பட்டறை
நல்ல மெக்கானிக், விடாதீர்கள். பக்கத்தில் ஹோஸ் ரப்பர், உள்ளே பிரேக் ஆயில். சூடானால் அதன் ஆவி தீப்பிடிக்கும். நெருப்பு வைப்பதாக இருந்தால் அந்தப் பாகத்தை வண்டியிலிருந்து கழற்றி, ஆயிலை வடித்துவிட்டுத்தான்.

ஹோஸும் பைப்பும் சேரும் இடத்தில் இரண்டு ஸ்பேனர் போட்டார்களா? ஹோஸ் முனையை ஒன்றால் பிடித்துக்கொண்டு நட்டை இன்னொன்றால் திருப்ப வேண்டும். இல்லாவிட்டால் ஹோஸ் முறுக்கிக்கொள்ளும், வெளியே ஒன்றும் தெரியாது.

காக்கம்பாடி_ஜீப்
போட்டார்கள், பார்த்தேன். ரெட் ரப்பர் கிரீஸ் அவர்களிடமே இருந்தது. நான் எதுவும் சொல்வதற்கு முன்பே நட்டை ஒதுக்கிப் பூசினார். பிளீடர் நிப்பிள் எல்லாவற்றுக்கும் ரப்பர் மூடி புதிதாகப் போடச் சொன்னேன், நாலில் மூன்றில் மூடியே இல்லை.

கொண்டலாம்பட்டி_பட்டறை
நிப்பிளும் இதே நோயாளிதான். மூடி இல்லாவிட்டால் நடு ஓட்டை வழியாகத் தண்ணீர் இறங்கும். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை பிரேக் ஆயில் மாற்றினால் அந்தச் சாக்கில் நாலு நிப்பிளும் திறந்து மூடப்படும், ஜாம் ஆக நேரம் கிடைக்காது. பைப் நட்டு அப்படியில்லை, தேவையில்லாமல் அதைத் திறக்காதீர்கள். டிஸ்க் வண்டியில் பேட் மாற்றும்போது காலிப்பரைக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டாலே வேலை முடியும், ஹோஸைக் கழற்றுகிறவரைக் கண்டால் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.

குகை_ஆல்டோ
எல்லாம் சரிண்ணா. என் ஆல்டோவுக்கு அந்த நட்டு ஸ்பேனர் என்ன சைஸ் வாங்க வேண்டும்?

கொண்டலாம்பட்டி_பட்டறை
மாருதிக்கு 10. ஐரோப்பிய வண்டிகளில் 11 வரும். 10-ம் 11-ம் சேர்ந்தே ஒரே ஸ்பேனரில் இரண்டு பக்கமாக வருகிறது, அதையே வாங்குங்கள். வாய் மெலிசாக இருக்கும் விலை குறைந்ததை வாங்காதீர்கள், இழுத்தால் வாய் விரிந்துவிடும். டபிள்யூடி-40 டப்பாவைக் கதவுக் கீலுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.